ஸ்டீராய்டு மாத்திரை: ஏன் திடீரென நிறுத்தக் கூடாது, எப்படிக் குறைப்பது?

மூட்டுவாத நோய்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் திடீரென நிறுத்த வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். ஏன் நிறுத்தக் கூடாது, அப்படியானால் எப்படித்தான் நிறுத்துவது என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்குகிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். கீழே வரும் அளவுகள் பொதுவான வழிகாட்டல் மட்டுமே. உங்கள் மாத்திரையின் அளவை மாற்றும் முடிவை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரே எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 46. முடக்குவாதத்துக்காக ஒன்றரை ஆண்டாகத் தினமும் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம் எடுத்து வருகிறேன். முகம் உப்பிவிட்டது, எடையும் கூடிவிட்டது. எலும்பை அரித்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்தியதால் நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தியும் தலைசுற்றலும் வந்தன. பயந்துபோய் மீண்டும் மாத்திரையைத் தொடங்கினேன், ஒரே நாளில் தெளிந்துவிட்டது. நான் இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா? இதிலிருந்து மீள வழி உண்டா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, மாத்திரையை மீண்டும் தொடங்கினீர்களே, அதுதான் உங்களைக் காப்பாற்றியது. அந்த வாந்தியும் தலைசுற்றலும் முடக்குவாதத்தின் வேலை அல்ல. உடலுக்கு அன்றாடம் தேவைப்படும் கார்டிசால் என்னும் ஹார்மோன் இல்லாமற்போனதால் வந்தவையாகவே அவற்றைக் கருத வேண்டும். இதற்குப் பெயர் அடிமைத்தனம் அல்ல. ஒன்றரை ஆண்டு இந்த மருந்தை எடுத்த யாருடைய உடலும் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் குற்ற உணர்வு வேண்டாம்.

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரக்கின்றன. இரத்த அழுத்தம் தாழாமல் இருப்பதற்கும், பசியோடு இருக்கும் நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் இருப்பதற்கும், காய்ச்சலையும் காயத்தையும் உடல் தாங்குவதற்கும் அது தேவை. எவ்வளவு சுரக்க வேண்டும் என்ற கட்டளை மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. பிரட்னிசோலோன் கார்டிசாலின் வேலையைச் செய்யும் மருந்து; உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலுக்கு அதில் ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிகிராம் ஈடாகும். நீங்கள் தினமும் 10 மில்லிகிராம் விழுங்கும்போது, இரத்தத்தில் தேவைக்கு மேல் இருக்கிறது என்று கண்டு பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்கிறது. மாதக்கணக்கில் கட்டளை வராததால் அட்ரினல் சுரப்பி சுருங்கிப்போகிறது. பல வாரம் மாவுக்கட்டில் இருந்த காலைக் கட்டுப் பிரித்த அன்றே ஓடச் சொன்னால் எப்படி ஓடாதோ, அதே நிலையில்தான் உங்கள் சுரப்பி இன்று இருக்கிறது. மாத்திரை நின்றதும் வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளிருந்தும் சுரக்கவில்லை.

இந்த மருந்து வந்த கதையிலேயே இந்தப் பாடமும் இருக்கிறது. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு மருத்துவர் பிலிப் ஹென்ச் குழுவினர் கார்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஊசியை முதன்முதலாகச் செலுத்தினர். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஹென்ச்சுக்கும், அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த வேதியியலாளர்கள் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியதையும், தொடர்ந்து கொடுத்தால் முகம் உப்பி மனநிலை மாறியதையும் அவர்களே கண்டார்கள். 1952இல், கார்டிசோன் எடுத்துவந்த நோயாளி ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பின் மீளாத அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்ததும், அவருடைய அட்ரினல் சுரப்பிகள் சுருங்கியிருந்ததும் மருத்துவ இதழில் பதிவாயின. எச்சரிக்கை அன்றிலிருந்தே இருக்கிறது. வீட்டுக்கு மாத்திரையோடு வரும் நோயாளியின் காதுக்கு அது இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதே என் வருத்தம்.

மீள வழி நிச்சயமாக உண்டு. முதலில், ஸ்டீராய்டு இல்லாமலேயே முடக்குவாதத்தை அடக்கி வைக்கும் மருந்து உங்களுக்குக் கொடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வலியைத் தாங்குவதற்காகவே ஸ்டீராய்டு சேர்க்கப்படுகிறது. அந்த மூல மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் ஒன்றரை ஆண்டு எடுத்திருந்தால், குறைக்கும்போதெல்லாம் நோய் தலைதூக்கும். ஆகவே ஒரு மூட்டுவாத நிபுணரைப் பார்த்து அதை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு குறைக்கும் வேகம். ஐரோப்பிய, அமெரிக்க உட்சுரப்பியல் அமைப்புகள் 2024இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டலின்படி, நாளுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவருக்கு வாரந்தோறும் 5 முதல் 10 மில்லிகிராம் வரை குறைக்கலாம். 40க்கும் 20க்கும் இடையே வாரம் 5. 20க்கும் 10க்கும் இடையே ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை 1 முதல் 2.5 வரை, 10க்குக் கீழே வந்துவிட்டால் நான்கு வாரத்துக்கு வெறும் 1 மில்லிகிராம். மேலே இருக்கும்போது வேகமாக இறங்கலாம், கீழே வர வர நடை தளர வேண்டும் என்பதே இதன் சாரம். மக்கள் செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது: 40லிருந்து 10க்கு ஒழுங்காக வருகிறார்கள், 10 என்பது சிறிய அளவுதானே என்று எண்ணி ஒரே நாளில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கடைசி 5 மில்லிகிராம்தான் உடல் தன் சொந்தக் கார்டிசாலைக் கொண்டு நிரப்ப வேண்டிய இடம். உங்கள் கணக்குப்படி 5க்கு வரவே ஐந்து மாதம் ஆகலாம். 1 மில்லிகிராம் மாத்திரை எல்லா ஊர்க் கடைகளிலும் கிடைப்பதில்லை. அதனால் ஒருநாள் 10, மறுநாள் 7.5 என்று மாற்றி மாற்றி எடுக்கும்படி மருத்துவர் சொன்னால் குழப்பம் வேண்டாம், நாட்காட்டியில் குறித்துக்கொண்டு அப்படியே செய்யுங்கள். மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் எடுங்கள். கார்டிசால் இயல்பாகவே காலையில்தான் உச்சத்தில் இருக்கும் என்பதாலும், மாலையில் எடுத்தால் தூக்கம் கெடும் என்பதாலும்.

முக உப்பலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அளவு குறையக் குறைய அது சில மாதங்களில் வடிந்துவிடும். பசி தணியும், எடை இறங்கும், ஏறிய சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பெரும்பாலும் இறங்கும். திரும்பாதவையும் உண்டு. கண்ணில் விழுந்த புரை தானாக மறையாது, வயிற்றிலும் தொடையிலும் விழுந்த வரிகள் மங்குமே தவிர அழியாது. எலும்பு பற்றி உறவினர்கள் சொன்னது பொய்யல்ல. ஆனால் அதற்கான மறுமொழி மாத்திரையைத் தூக்கி எறிவது அல்ல. மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு எடுப்பவர் எவரும் எலும்பின் அடர்த்தியைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியமும், 600 முதல் 800 யூனிட் வைட்டமின் டியும் கிடைக்க வேண்டும். தேவைப்பட்டால் எலும்பைக் காக்கும் மருந்தும் உண்டு. இடுப்பிலோ தொடை இடுக்கிலோ விடாத வலி வந்தால், இரத்த ஓட்டம் குறைந்து தொடை எலும்பின் தலை சிதையும் நிலையா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம்.

கேள்வி: பெம்ஃபிகஸ் என்னும் கொப்புள நோய்க்காக ஓராண்டுக்கும் மேலாகப் பிரட்னிசோலோன் எடுத்தேன். தோல் நன்றாக ஆறிவிட்டது. 60 மில்லிகிராமில் தொடங்கிய மருந்து இப்போது 5க்கு வந்திருக்கிறது. ஆனால் 7.5லிருந்து 5க்கு வந்த பிறகு உடம்பெல்லாம் வலி, மூட்டு வலி, எதிலும் நாட்டமில்லை. நோய் மூட்டுக்கு இறங்கிவிட்டதா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை ஐயா. பெம்ஃபிகஸ் தோலையும் வாயின் உட்புறத்தையும் தாக்கும் நோய். மூட்டுக்கு இறங்கும் நோய் அல்ல. புதிய கொப்புளமோ வாய்ப்புண்ணோ இல்லாதவரை, அந்த நோய் திரும்பவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். உங்களுக்கு இருப்பதைப் பற்றி இரண்டு வகையில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பல மாதம் மிகுந்த அளவுக்குப் பழகிய உடல், அளவு குறையும்போது, இரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவு இருந்தாலும்கூட, தசைவலி, மூட்டுவலி, சோர்வு, மனச்சோர்வு, தூக்கக் குறைவு என்று எதிர்ப்பைக் காட்டும். இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. முந்தைய அளவுக்குச் சற்று ஏறி, அங்கே சில வாரம் நின்று, பிறகு இன்னும் சிறிய படிகளாக இறங்கினால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். மற்றொன்று, அட்ரினல் சுரப்பி இன்னும் எழாததால் வரும் உண்மையான கார்டிசால் குறைவு. இதில் சோர்வோடு பசியின்மை, எடை குறைதல், குமட்டல், வயிற்றுவலி, எழுந்து நிற்கும்போது கண் இருட்டுதல் ஆகியவை சேரும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவருக்கும் கடினமே.

அதற்குத்தான் காலைக் கார்டிசால் இரத்தப் பரிசோதனை. அதைக் காலை 8 அல்லது 9 மணிக்குள், அன்றைய மாத்திரையை எடுப்பதற்கு முன், அதாவது முந்தைய மாத்திரை எடுத்து 24 மணி நேரம் கழிந்த பின் செய்ய வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால், பிரட்னிசோலோனையே கார்டிசால் என்று சில பரிசோதனை முறைகள் கணக்கிட்டுப் பொய்யான நிம்மதியைத் தந்துவிடும். பரிசோதனைக்கூடத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை, நீங்களே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் சுரப்பி எழுந்துவிட்டது, நிறுத்தலாம். 5க்கும் 10க்கும் இடையே இருந்தால் இப்போதைய சிறிய அளவைத் தொடர்ந்து, சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். 5க்குக் கீழே இருந்தால் அவசரப்படவே கூடாது. சில மாதம் கழித்துத்தான் மறு பரிசோதனை. சிலருக்குச் சுரப்பி முழுமையாக எழ ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. 60லிருந்து 5 வரை வந்துவிட்ட உங்களுக்கு இந்தக் காத்திருப்பு சலிப்பைத் தரும் என்பது தெரியும். இருந்தாலும் 5 மில்லிகிராம் என்பது உடல் தானே சுரக்கும் அளவுதான் என்பதால், அந்த அளவில் இன்னும் சில மாதம் இருப்பதால் வரும் தீங்கு சிறியது. வலுக்கட்டாயமாக நிறுத்துவதால் வரக்கூடிய தீங்கு பெரியது.

கேள்வி: புகைபிடித்ததால் நுரையீரல் கெட்டுப்போன என் தந்தைக்கு, மூச்சிரைப்பு மிகும்போதெல்லாம் பிரட்னிசோலோன் 40 மில்லிகிராம் ஐந்து நாள் தருகிறார்கள், பிறகு குறைக்காமல் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். இது சரியா? அவருக்குச் சர்க்கரையும் உண்டு. வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை சரியாக இருக்கிறது, ஆனால் மாலையில் மிகவும் சோர்ந்துவிடுகிறார்.
— வாசகர், ஈரோடு

பதில்: ஐந்து நாள் கொடுத்துவிட்டு நிறுத்துவது சரியான முறையே. மூன்று நான்கு வாரத்துக்குக் குறைவாக எடுத்தால், அளவு அதிகமாக இருந்தாலும், சுரப்பி சுருங்குவதற்கு நேரம் இருப்பதில்லை; படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. ஆனால் 'மிகும்போதெல்லாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டில் பல முறை இப்படிக் கொடுக்கப்பட்டால் அவை ஒன்றுசேர்ந்து நீண்ட கால சிகிச்சைக்கு ஒப்பாகிவிடும். எத்தனை முறை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவந்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிரைப்பு அடிக்கடி மிகாமல் தடுக்கும் இன்ஹேலர் சிகிச்சையைத் திருத்த வேண்டியிருக்கலாம்.

சர்க்கரை விஷயத்தில் நீங்கள் கவனித்திருப்பது மிக முக்கியமானது. காலையில் எடுக்கும் பிரட்னிசோலோன், மதிய உணவுக்குப் பின்னிருந்து மாலை வரைதான் சர்க்கரையைத் தூக்கும். இரவில் அதன் வேகம் தணிந்து, காலை வெறும் வயிற்றில் அளவு ஒழுங்காகத் தோன்றும். காலைச் சர்க்கரையை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். மாத்திரை எடுக்கும் நாள்களில் மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் பாருங்கள். அந்த நாள்களில் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ கூட்டப்பட்டால், ஸ்டீராய்டு நின்றதும் அதையும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடல்களில் கருப்புப் பூஞ்சை எப்படிப் பரவியது என்பதைப் பார்த்தோம். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்த டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை, 2020இல் வந்த ஆய்வு அவர்களுக்கு மட்டுமே பலன் என்று தெளிவாகக் காட்டிய பின்பும், லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்கள் பலர் விழுங்கினார்கள்.

கேள்வி: என் ஐந்து வயது மகனுக்குச் சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ரோட்டிக் நோய். மாத்திரை தொடங்கிப் பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. இருந்தும் மூன்று மாதம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். குணமான பிள்ளைக்கு ஏன் இவ்வளவு ஸ்டீராய்டு என்று அவனுடைய பாட்டி கேட்கிறார். எப்போதும் பசி பசி என்கிறான், எரிச்சல்படுகிறான்.
— தாய், திருநெல்வேலி

பதில்: வீக்கம் வடிந்தது நல்ல அறிகுறி, மருந்துக்கு நோய் கட்டுப்படுகிறது என்று பொருள். ஆனால் அத்தோடு நிறுத்தினால் புரதம் மிக விரைவிலேயே மீண்டும் கழியத் தொடங்கும். முதல் முறை இந்த நோய் வரும் குழந்தைக்கு 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் குறைந்த அளவில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மொத்தம் 12 வாரம் கொடுப்பது நம் நாட்டுக் குழந்தைச் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: மருந்தில்லாத நாளில் குழந்தையின் சுரப்பி தானே இயங்குகிறது, வளர்ச்சியும் தடைபடாமல் நடக்கிறது. பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். பேரன் மேல் உள்ள அக்கறையால் கேட்கிறார், புரிந்தால் உங்களுக்குத் துணையாக இருப்பார்.

பசியும் எரிச்சலும் மருந்தின் விளைவுகள். அதற்காகப் பிள்ளையை அடிக்கவோ திட்டவோ வேண்டாம், அவனால் அதைக் கட்டுப்படுத்த முடியாது. அளவு குறைந்ததும் தணிந்துவிடும். முறுக்கு, சிப்ஸ், ஊறுகாய், அப்பளம் போன்ற உப்புப் பண்டங்களை வீட்டில் வைக்காமல், பசிக்கும்போது சுண்டல், வேகவைத்த முட்டை, பழம் என்று கொடுங்கள்.

இந்த நோய் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சளி காய்ச்சலை ஒட்டி மீண்டும் புரதம் போகும். காலையில் முதல் சிறுநீரைப் புரதம் காட்டும் சோதனைப் பட்டையில் தொட்டுப் பார்த்து நிறத்தைக் குறித்து வைக்கும் பழக்கத்தை மருத்துவமனையில் கற்றுக்கொள்ளுங்கள். முகம் வீங்குவதற்குப் பல நாள் முன்பே அது உங்களுக்குச் சொல்லிவிடும். அதிக அளவில் ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும். அதைவிட அவசரம் ஒன்று: பள்ளியிலோ தெருவிலோ யாருக்கேனும் சின்னம்மை போட்டிருந்து உங்கள் மகன் அந்தக் குழந்தையோடு இருந்திருந்தால், அவனுக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மை கண்டால் மருத்துவமனைக்குப் போகக் கூடாது என்ற வழக்கத்தைத் தயவுசெய்து இந்தக் குழந்தையின் விஷயத்தில் கடைப்பிடிக்காதீர்கள்.

கேள்வி: முழங்கால் வலிக்காக என் தாயார் ஒருவரிடம் பொட்டலம் பொட்டலமாகப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறார். இரண்டே நாளில் வலி போய்விட்டது. இரண்டு ஆண்டு ஆகிறது. பொடி தீர்ந்து இரண்டு மூன்று நாள் ஆனால் படுத்த படுக்கையாகிவிடுகிறார். முகம் வட்டமாகிவிட்டது, கையில் லேசாக இடித்தாலும் நீலமாகக் கன்றிவிடுகிறது. மூலிகை மருந்து பக்கவிளைவு இல்லாதது என்கிறார்கள். அப்படியானால் இவை ஏன்?
— வாசகி, தருமபுரி

பதில்: உங்கள் கடிதத்தை நான் கவலையோடு படித்தேன். பல ஆண்டு வலி இரண்டு நாளில் மறைவது, நிறுத்தினால் படுக்கையில் விழுவது, வட்ட முகம், தோல் மெலிந்து கன்றிப்போவது ஆகிய நான்கும் சேர்ந்தால், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்ற வலுவான ஐயம் எழுகிறது. கலப்பது கடினமே அல்ல. பிரட்னிசோலோன் 5 மில்லிகிராம் செய்யும் வேலையை டெக்சாமெத்தசோன் வெறும் 0.75 மில்லிகிராமில் செய்துவிடும். அந்தச் சிறு துகள் சூரணத்தில் நிறமோ சுவையோ மாறாமல் மறைந்துபோகும். முறையாகப் பயின்று பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் குறை கூறவில்லை. அவர்களிடம் மருந்தின் பெயரும் சேர்மானமும் கேட்டால் சொல்வார்கள். பெயரில்லாத பொட்டலத்துக்குப் பொறுப்பேற்பவர் யாருமில்லை.

இப்போது நீங்கள் செய்யக் கூடாதது, கோபத்தில் பொடியை இன்றே குப்பையில் கொட்டுவது. இரண்டு ஆண்டு எடுத்தவருக்கு அது உயிராபத்தாகலாம். மீதமுள்ள பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, தாயாரை இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். காலைக் கார்டிசால் மிகத் தாழ்ந்திருந்தால், வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சான்று. டெக்சாமெத்தசோனும் பீட்டாமெத்தசோனும் அந்தப் பரிசோதனையில் பெரும்பாலும் கார்டிசாலாகக் கணக்காவதில்லை. ஆனால் உடலின் சுரப்பை அடியோடு அடக்கிவிடும். பொடிக்குப் பதிலாக அளவு தெரிந்த பிரட்னிசோலோனையோ, கார்டிசாலே மருந்தாக வரும் ஹைட்ரோகார்டிசோனையோ தொடங்கி, பிறகு மெல்லக் குறைப்பார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு அடர்த்தி, கண் ஆகியவற்றோடு, நம் நாட்டில் கட்டாயம் பார்க்க வேண்டிய காசநோயையும் பார்க்கச் சொல்லுங்கள். அடங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி ஸ்டீராய்டால் விழித்துக்கொள்ளும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை ஸ்டீராய்டை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால், இரண்டும் சேரும்போது அளவை மருத்துவர் கூட்ட வேண்டியிருக்கும்.

முழங்கால் வலி திரும்ப வரும். அதைத் தாங்கமுடியாமல் தாயார் மீண்டும் அந்தப் பொடியையே கேட்பார். அந்த வலிக்கு முறையான சிகிச்சையை அதே நாளில் தொடங்கினால்தான் அவரால் இதிலிருந்து வெளியே வர முடியும்.

கேள்வி: கல்லூரி செல்லும் என் மகள் மருந்துக்கடையில் வாங்கிய கிரீமை ஓராண்டாக முகத்தில் பூசுகிறாள். முதலில் நிறம் வந்தது. இப்போது பூசாவிட்டால் முகம் சிவந்து எரிகிறது, பருக்களும் முடியும் வளர்கின்றன.
— வாசகி, சென்னை

பதில்: கிரீம் குழாயின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டின் பெயர் ஏதேனும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முகத்தின் தோல் மெல்லியது. அங்கே இந்த மருந்துகள் பல மடங்கு உட்புகும். பூசினால் அடங்குவதும் விட்டால் எரிவதும் ஸ்டீராய்டால் கெட்ட தோலின் அடையாளம். தோல் மருத்துவர் வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றியோ, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பைக் கொடுத்தோ படிப்படியாக மீட்பார். இடையில் முகம் மோசமாவதுபோல் தோன்றும் வாரங்கள் வரும். அப்போது பழைய கிரீமுக்குத் திரும்பிவிடாமல் இருக்க மகளுக்கு உங்கள் ஆதரவு வேண்டும். அவள் நிறத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசாமல் இருப்பதே அந்த ஆதரவில் பாதி. படர்தாமரைக்குக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளிலும் இதே ஸ்டீராய்டுகள் உண்டு. அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் பரவிக்கொண்டே போகும்.

கேள்வி: ஆஸ்துமாவுக்கு எடுக்கும் இன்ஹேலரிலும் ஸ்டீராய்டு இருக்கிறதாமே, நிறுத்திவிடலாமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். அதில் இருப்பது மில்லிகிராம் அல்ல, மைக்ரோகிராம் கணக்கு. நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. மாத்திரையாக ஸ்டீராய்டு எடுக்க நேராமல் உங்களைக் காப்பதே அந்த இன்ஹேலர்தான். இழுத்த பின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள், வாயில் வெண்படலமும் குரல் கரகரப்பும் வராது. ஒரே ஒரு எச்சரிக்கை: படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல் மாத்திரையானது பியூடிசோனைடு, ஃபுளூட்டிக்காசோன் ஆகிய இன்ஹேலர் ஸ்டீராய்டுகளை உடலில் தேங்கும்படி செய்துவிடும். தோல் மருத்துவரிடம் இன்ஹேலரைப் பற்றியும் சொல்லுங்கள்.

கேள்வி: உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக மூன்று ஆண்டு எடுத்த பிரட்னிசோலோனை, மருத்துவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து, நான்கு மாதம் முன்பு நிறுத்திவிட்டேன். இப்போது பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். முன்பு எடுத்த மருந்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், அறுவை மருத்துவரிடம் மட்டுமல்ல, மயக்கவியல் மருத்துவரிடமும். அன்றாட வாழ்க்கைக்குப் போதுமான கார்டிசாலைச் சுரக்கும் அளவுக்கு உங்கள் சுரப்பி எழுந்திருக்கலாம். ஆனால் அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, கடும் காய்ச்சல் ஆகிய நேரங்களில் உடல் அதைப் போலப் பல மடங்கு கேட்கும். அந்த அளவுக்கு எழுந்துவிட்டதா என்பதை ஒரு கார்டிசால் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம். ஐயம் இருந்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியை அறுவையின்போது சேர்த்துவிடுவார்கள். அது எளிது, விலையும் குறைவு.

இன்னும் மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களும், நிறுத்தி ஓராண்டு நிறையாதவர்களும் இதே போன்ற ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல் வந்தால் எத்தனை நாளுக்கு எவ்வளவு கூட்டுவது என்று உங்கள் மருத்துவரிடம் நல்ல நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். குறைந்த அளவு எடுப்பவருக்கு வழக்கமாக இரு மடங்காக்கச் சொல்வார்கள். வாந்தி வந்து மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால், வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் முதலில் தேவை. பேச முடியாத நிலையில் கொண்டுசெல்லப்பட்டால் யார் சொல்வது? ஆகவே ஒரு சிறு அட்டையில் நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய மாதம், நிறுத்திய மாதம், மருத்துவரின் தொலைபேசி எண், 'திடீர் மயக்கம் என்றால் ஹைட்ரோகார்டிசோன் தேவைப்படலாம்' என்ற வரி ஆகியவற்றை எழுதி, பர்ஸில் ஆதார் அட்டையோடு வையுங்கள். அதே விவரத்தைக் கைப்பேசியின் அவசரத் தகவல் பகுதியிலும் பதிந்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.